உலகம்மாள் கேட்ட பாதி

வண்டி இன்னும் செங்கல்பட்டு வந்து சேரவில்லை என்று ஒலிபெருக்கியில் அந்தப் பெண் குரல் மூன்று மொழிகளிலும் சொல்லி முடித்தபோது குற்றாலநாதனுக்கு முதலில் வந்தது நிம்மதிதான். இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது. அப்புறம்தான் அந்த நிம்மதியைப் பார்த்துக் கூச்சம் வந்தது. பெற்ற தாய் வருகிற வண்டி தாமதமாகிறதே என்று சந்தோஷப்படுகிறவன் என்ன பிள்ளை என்று நினைத்தான். நினைத்த கையோடு, அப்படி இல்லை, யோசிக்க அவகாசம் கிடைத்ததே என்றுதான் சந்தோஷம், அம்மா வருவதில் எனக்கென்ன வருத்தம் என்று தனக்குத்தானே பதிலும் சொல்லிக்கொண்டான். தாம்பரம் நடைமேடையில் பூக்கூடைகள் இறங்கிப் போய்விட்டன. எதிர்ப்பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் மின்சார ரயிலுக்கு நெருக்கி நின்றார்கள். தூணோரத்துச் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் கையில் காபி ஆறிக்கொண்டிருந்தது. யோசிக்க அவகாசம் என்றால் எதை யோசிக்க? நேற்று ராத்திரி சாப்பாட்டில் கை வைத்த நேரம் தங்கை உலகம்மாள் தென்காசியிலிருந்து போன் பண்ணினாள். தென்காசியிலிருந்து என்றுதான் அவன் நினைத்தான். பின்னால் தடதடவென்று சத்தம். "அண்ணே, அம்மாவக் கூட்டிட்டு வாரேன். வண்டி பொறப்பட்டுட்டு. காலைல தாம்பரத்துல எறங்கிருவோம், நீங்க வந்துருங்க." என்னட்டி திடீரென்று, என்றான். "திடீர்னு இல்லண்ணே. போன மாசமே சொன்னேம்லா." அதற்குள் கடையநல்லூர் தாண்டியோ என்னவோ, பேச்சு அறுந்துவிட்டது. திரும்பக் கூப்பிட்டான், போகவில்லை. போயிருந்தால்தான் என்ன சொல்லியிருப்பான்? இறங்கித் திரும்பிப் போ என்றா?

போன மாதம் சொன்னாள்தான். அதை மறுக்க முடியாது. எப்போதும்போல மாத்திரை, அம்மாவின் தூக்கம், குற்றாலத்துச் சாரல் எல்லாம் பேசிவிட்டு, போனை வைக்கப் போகிற நேரத்தில், கறிவேப்பிலை கேட்பவள் மாதிரி சாதாரணமாகச் சொன்னாள்: ஆறு மாதம் அம்மா அங்கே இருக்கட்டும், ஆறு மாதம் இங்கே இருக்கட்டும், சரிபாதி. அவன் "பாப்போம்" என்றான். பாப்போம் என்றால் அவர்கள் வீட்டில் இல்லை என்று அர்த்தம். அப்பா அந்த வார்த்தையால்தான் ஒரு குடும்பத்தையே ஓட்டினார். சைக்கிளா, பாப்போம். உலகுவுக்கு மேல்படிப்பா, பாப்போம். அந்த அர்த்தம் உலகுவுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் தெரியாதவள் மாதிரி டிக்கெட் எடுத்திருக்கிறாள். அந்த இடத்தில் மனசு முள்ளில் மாட்டிய சேலைபோல நின்றது. சரிபாதி. அண்ணே, ஒத்தாசை பண்ணுங்க என்று கேட்டிருந்தால் உருகியிருப்பான். என்னால் முடியவில்லை, ஒரு மாதம் வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டிருந்தால் அடுத்த வண்டியிலேயே போய்க் கூட்டி வந்திருப்பான், கையோடு அவளுக்கு ஒரு புடவையும் எடுத்துப் போயிருப்பான். சரிபாதி என்கிறாள். வரப்பில் கயிறு பிடிப்பவர்கள் பேசுகிற பேச்சு. இத்தனைக்கும் மாதம் தவறாமல் பணம் அனுப்புகிறவன் அவன். அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்தபோது மதுரையில் வைத்து வைத்தியம் பார்த்தவன் அவன். தீபாவளிக்குத் தீபாவளி, சாரலுக்குச் சாரல் போய் நிற்கிறவன். விலா எலும்புக்குக் கீழே சூடாக ஒன்று எழும்பியது. அது கோபம் என்று தெரிய அவனுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பாரம் வருகிறதே என்ற கோபமில்லை. அந்த ஒரு வார்த்தை மேல் வந்த கோபம். அந்த வார்த்தையை வைத்துத்தான் அவன் இருபது வருடமாகப் பிழைக்கிறான்.

தரமணிப் பக்கம் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் அவனுக்கு வேலை. என்ன வேலை என்று கேட்கிறவர்களுக்கு அல்வாவை வைத்துத்தான் விளங்கவைப்பான். முன்பின் தெரியாத இரண்டு பேர் நடுவில் ஒரு பொட்டலம் அல்வா இருக்கிறது. ஒருவரை ஒருவர் கலக்காமல் எனக்கு இவ்வளவு வேண்டும் என்று ஆளுக்கொரு சீட்டில் எழுத வேண்டும். இரண்டையும் கூட்டினால் பொட்டலத்துக்குள் அடங்குகிறதா, கேட்டது கேட்டபடி கிடைக்கும். அடங்காமல் மிஞ்சிப் போனால் இரண்டு பேருக்கும் ஒன்றுமில்லை. இப்படிக் கேட்கிற ஆட்களை ஆயிரக்கணக்கில் கணிப்பொறிக்குள் உண்டாக்கி, இரண்டிரண்டு பேராகச் சந்திக்க விட்டு, லாபம் கண்டவனைப் பார்த்து மற்றவன் காப்பியடிக்க விட்டு, தலைமுறை தலைமுறையாக ஓட்டினால் என்ன ஆகிறது என்று பார்ப்பதுதான் வேலை. பாதி கேட்கிறவர்கள் பச்சைப் புள்ளி. மூன்றில் இரண்டு பங்கு கேட்கிறவர்கள் சிவப்பு. மூன்றில் ஒன்று போதும் என்கிறவர்கள் நீலம். புள்ளிக்குப் புத்தி கிடையாது, மனசாட்சி கிடையாது, யாரும் அதற்கு நீதி போதிக்கவில்லை. ஆனாலும் பெரும்பாலும் என்ன நடக்குமென்றால், திரை கொஞ்சம் கொஞ்சமாகப் பச்சையாகும். கூட்டம் முழுக்கப் பாதி கேட்டு, பாதி கொடுத்து, சும்மா இருக்கும். முதல் தடவை அதைப் பார்த்த அன்றைக்கு மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்தான். நியாயம் வானத்திலிருந்து விழவில்லை, இந்த முட்டல் மோதலிலிருந்தே முளைக்கிறது என்று மேடை மேடையாகச் சொல்லியிருக்கிறான். சொல்கிறபோது நிஜமாகவே குரல் தழுதழுக்கும். மனைவி ரேணுகாகூட ஒரு தடவை கேட்டுவிட்டு, நீங்க மேடையில வேற ஆளு என்றாள். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டான்.

ஆனால் எப்போதும் பச்சையாவதில்லை. அவனுக்குப் பேர் வாங்கித் தந்ததே அந்த ஆனால்தான். தொடக்கம் எசகுபிசகாக அமைந்துவிட்டால் கூட்டம் சரிக்குச் சரி சிவப்பும் நீலமுமாகப் பிரிந்து அப்படியே உறைந்துவிடும். சிவப்பும் சிவப்பும் முட்டினால் இரண்டுக்கும் நஷ்டம். சிவப்பும் நீலமும் சந்தித்தால் ஒரு பொட்டு சிந்தாமல் முழு அல்வாவும் பங்காகிவிடும். அந்த ஊரில் போய் யாராவது ஒருத்தன் பாதி கேட்டால் கேட்டவன்தான் நசிந்துபோவான், சிவப்பிடம் மோதி மோதி. சண்டையில்லாமல் மாட்டிக்கொண்டு கிடக்கிற அந்த நிலைக்கு அவன் கட்டுரையில் அமைதிப் பொறி என்று பேர் வைத்திருந்தான். பேர் நன்றாக இருக்கிறது என்று நாலு பேர் எழுதினார்கள். எங்க வீட்டுல அண்ணன் தங்கச்சிக்குள்ள ஒரு சண்டை வந்ததில்ல என்று அம்மா சொல்லுவாள், வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும். அப்பா போன பிறகு சொத்துப் பேச்சு வந்தபோதுகூட உலகு, எனக்கென்னண்ணே, நீங்க பாத்துச் செய்யுங்க என்றுதான் சொன்னாள். அவனும் பார்த்துத்தான் செய்தான். என்ன செய்தான் என்பதை இப்போது நினைக்க வேண்டியதில்லை. மாம்பழக் காலத்தில் அம்மா அரிவாள்மனையில் பழத்தை வைத்து இரண்டு கன்னத்தையும் வழித்து அவன் தட்டில் போடுவாள். கொட்டை உலகுவுக்கு. அவளுக்குக் கொட்டைதான் பிடிக்கும் என்று அம்மா சொன்னாள், அப்பா சொன்னார், அவனும் சொன்னான், கல்யாணத்துக்குப் பிறகு ரேணுகாவிடம்கூடச் சொல்லியிருக்கிறான். முழங்கைவரை சாறு வழிய வழிய அவள் சப்புவது கண்ணுக்குள் இருக்கிறது. பிடித்ததா? அவளே ஒரு தடவையாவது பிடிக்கும் என்று சொல்லியிருக்கிறாளா? நினைவைத் துழாவினான். எல்லார் வாயும் அசைகிறது, அவள் வாயில் கொட்டை இருக்கிறது. அம்மாவை ஏழு வருடமாக அவள் வைத்துக்கொண்டிருப்பதும் அப்படித்தானா? உலகுவுக்கு அம்மா கூட இருந்தாத்தான் திருப்தி. இதையும் எல்லாரும் சொல்லியிருக்கிறோம்.

ஒலிபெருக்கி மறுபடி கரகரத்தது. திடுக்கிட்டு எழுந்தான். வேறு வண்டி. உட்கார்ந்தான். என்னவோ நடந்திருக்க வேண்டும், காரணமில்லாமல் அவள் இப்படிச் செய்கிறவள் இல்லை. மாப்பிள்ளை நெல்லையப்பன் ஏதாவது சொல்லியிருப்பார். உங்க அண்ணனுக்கு இல்லாத அக்கறை உனக்கென்ன என்று கேட்டிருப்பார். ஆனால் அவர் அப்படிப்பட்டவர் இல்லை. கடையைப் பூட்டிவிட்டு வந்து மாமியாருக்குக் காலில் தைலம் தேய்க்கிற மனுஷன். அப்படியானால் உடம்புக்கு ஏதாவது. மார்பில் கட்டி. அந்த நினைப்பு வந்ததும் அவன் அதைத் தள்ளவில்லை. அதுதான் பயங்கரம். அதைப் பிடித்துக்கொண்டு மேலே மேலே போனான். கட்டி, பரிசோதனை, அடையாறில் வைத்தியம், ஆபரேஷன் அறைக்கு வெளியே அவன் நிற்கிறான். அம்மாவைப் பற்றிக் கவலைப்படாதே, இனிமேல் அவள் என் பொறுப்பு என்கிறான். உலகு அழுகிறாள். ரேணுகா அவன் தோளில் கை வைக்கிறாள். நெஞ்சு லேசாகிவிட்டது. லேசான பிறகுதான் தான் எங்கே வந்து நிற்கிறோம் என்று பார்த்தான். கூடப்பிறந்தவளுக்குப் புற்று வர வேண்டும் என்று ரயில் நிலையத்தில் உட்கார்ந்து ஆசைப்பட்டுக்கொண்டிருக்கிறான். ஆசை இல்லை, வெறும் யூகம் என்றான். யூகம் ஏன் இனித்தது? அவள் நன்றாக இருந்துகொண்டு கேட்டால் அது பாதி. நோயோடு கேட்டால் அது தர்மம். தர்மம் பண்ண அவன் எப்போதும் தயார், அம்மா உட்பட யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எழுந்து நடந்தான், தூண்வரை போய்த் திரும்பினான். ஒரு சாக்கு மூட்டையின் மேல் கால் இடறியது, மூட்டைக்காரர் பாத்து சார் என்றார்.

அவன் கட்டுரைகளில் பிறழ்வு என்று ஒரு வார்த்தை வரும். ஆயிரம் புள்ளிகளில் ஒன்று, யாரையும் பார்த்துக் காப்பியடிக்காமல், லாப நஷ்டம் பார்க்காமல், சும்மா மாறிவிடும். நீலமாக இருந்தது பச்சையாகும். காரணம் கிடையாது. காரணம் எழுதத் தேவையில்லை என்பதால்தான் அந்த வார்த்தை அவனுக்கு வசதி. ஒன்று மாறினால் பொறி ஒன்றும் ஆடிவிடாது. நாலைந்து ஒரே பக்கமாக மாறி, ஒன்றை ஒன்று அடிக்கடி சந்தித்தால்தான் ஆட்டம் காணும். அப்படியானால் உலகு யாரைச் சந்தித்தாள்? எந்தத் தெருவில், எந்த வாசலில்? யாரும் இல்லாமல், அடுப்படியில் தோசை வார்த்துக்கொண்டிருக்கும்போது சும்மா தோன்றியிருக்குமா? நேற்றுப் போனில் அவள் குரல் எப்படி இருந்தது என்று மறுபடி மறுபடி கேட்டுப் பார்த்தான். அழுகை இல்லை, பிசிறு இல்லை. சந்தோஷமாக இருந்தது. அதுதான் ராத்திரி பூராவும் உறுத்தியது. சில வருடங்களுக்கு முன்னால் ஒரு கல்லூரியில் பிள்ளைகளை வைத்து இதையே கொஞ்சம் மாற்றி நிஜமாக நடத்திப் பார்த்தார்கள். கையில் இருப்பதை ஒருவர் பங்கு போட்டுக் கொடுக்க வேண்டும், அடுத்தவர் ஏற்கலாம், வேண்டாம் என்று சொன்னால் இருவருக்கும் போய்விடும். மிகக் கொஞ்சமாகப் பங்கு கிடைத்த ஒரு பெண் வேண்டாம் என்று அடித்துவிட்டு, வெறுங்கையோடு, என்னவோ பரிசு வாங்கினவள் மாதிரி சிரித்துக்கொண்டே வெளியே போனாள். கையில் வந்ததை வேண்டாம் என்றவள் எதற்குச் சிரித்தாள் என்று அவனுக்குப் புரியவே இல்லை. மறுத்தவர்கள் இத்தனை சதவீதம் என்று அட்டவணையில் அவளையும் சேர்த்து எழுதிவிட்டான். உலகுவும் அப்படி எல்லாவற்றையும் தூக்கிப் போடத் துணிந்துதான் வருகிறாளோ? தூக்கிப் போட இங்கே அல்வா இல்லை. அம்மா இருக்கிறாள்.

ரேணுகாவிடம் ராத்திரியே சொன்னான். அவள் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே கேட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். வரட்டும் என்றாள். உங்க அம்மா, தாராளமா வரட்டும், ஆனா நான் பார்த்துக்கொள்வேன் என்று யாருக்கும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள், எனக்கும் ஆபீஸ் இருக்கிறது, என் அப்பாவை நான்தான் கடைசிவரை பார்த்தேன், அப்போது நீங்கள் ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருந்தீர்கள். கோபமாகச் சொல்லவில்லை, பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோலச் சொன்னாள். அப்போதுதான் அவனுக்கே தெரிந்தது, கூட்டி வருவது என்று நினைத்தபோதெல்லாம் அவன் மனசுக்குள் அம்மாவுக்குச் சோறு பிசைந்து கொடுத்த கை ரேணுகாவின் கை. தன் கையை அந்தப் படத்தில் எங்கேயும் பார்த்ததே இல்லை. பாதியை வாங்கி, வாங்கின பாதியை அப்படியே இன்னொருத்தியிடம் தள்ளிவிடுகிற கணக்கு. கணக்குக்கூட இல்லை, யோசிக்காமலே நடந்தது. ஆள் வைக்கலாம். ஆள் கிடைக்கிறவரை? ஆள் வராத நாளில்? சரி, உலகுவிடம் என்ன சொல்லலாம். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. இடம் மாற்றினால் ஞாபகக் கோளாறு கூடும், இது டாக்டரே சொன்னது. தென்காசி டாக்டருக்குத்தான் அம்மா உடம்பு அத்துப்படி. இங்கே பேச்சுத்துணை இல்லை. ஒரு வாரம் இருக்கட்டும், அப்புறம் நானே கொண்டுவந்து விடுகிறேன். ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எல்லாம் உண்மை. ஒரு சொட்டுப் பொய் இல்லை. உண்மைகளையெல்லாம் சேர்த்துக் கட்டினால் இப்படி ஒரு கட்டு வருமா? அதற்குள் தண்டவாளம் அதிர்ந்தது.

கூட்டம் இறங்கி வழிந்தது. பெட்டி பெட்டியாக எட்டிப் பார்த்துக்கொண்டே ஓடினான். உலகு வாசலில் நின்றாள். முன்னைக்கு இப்போது கன்னம் ஒட்டியிருந்தது, தலையில் நரை ஓடியிருந்தது, ஆனால் நோயாளியாக இல்லை. அதைத்தான் முதலில் பார்த்தான் என்பதையும் கவனித்தான். அம்மாவப் பிடிங்கண்ணே என்றாள். அம்மாவின் கை அவன் கைக்குள் வந்தது, கோழிக்குஞ்சைப் பிடித்ததுபோல எலும்பும் சூடுமாக. சாரலுக்குப் பார்த்ததைவிடக் குறுகியிருந்தாள். தலை படிய வாரி, நெற்றியில் திருநீறு இட்டு, துவைத்த நூல்சேலையில் சுத்தமாக இருந்தாள். ஓடுகிற வண்டியில் விடியுமுன்னே எழுந்து உலகு இதையெல்லாம் செய்திருக்க வேண்டும். அம்மா அவன் முகத்தைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தாள், எறக்கிவிட்டதுக்குச் சந்தோசம் தம்பி என்றாள். பெஞ்சில் உட்கார வைத்தார்கள். உலகு பையைத் திறந்து காட்டி ஒவ்வொன்றாகச் சொன்னாள்: காலை மாத்திரை, ராத்திரி மாத்திரை, மத்தியானம் தூங்குவாள், இருட்டில் கண்ணாடியைப் பார்த்தால் பயப்படுவாள், ஒண்ணுக்கு வருகிறதா என்று நாமேதான் அடிக்கடி கேட்க வேண்டும், அவளாகச் சொன்னால் அப்போது நேரம் இருக்காது. அவன் தலையாட்டிக்கொண்டே தன் பேச்சை எடுத்தான். மாடி, டாக்டர், இடமாற்றம், பேச்சுத்துணை. குரல் தானாகவே மேடைக் குரலாக மாறியது அவனுக்கே கேட்டது. உலகு குறுக்கே பேசவில்லை. சின்ன வயசிலிருந்து எப்படிக் கேட்பாளோ அப்படியே முழுக்கக் கேட்டாள்.

"நீங்க சொல்றதெல்லாம் சரிதாண்ணே," என்றாள். "ஏழு வருசமா எனக்கும் இப்படி நாலு சரி இருந்துச்சு, சொன்னதில்ல."

அவன் குரலைத் தாழ்த்தினான். மாப்பிள்ளையோடு ஏதும் மனஸ்தாபமா என்று கேட்டான். இல்லை என்றாள். உடம்புக்கு ஏதாவதா, மறைக்காமல் சொல், எந்த டாக்டரானாலும் பார்ப்போம் என்றான். கேட்கும்போது அவன் குரலில் ஒரு கெஞ்சல் வந்து ஒட்டிக்கொண்டது. அது அவளுக்காகக் கெஞ்சிய கெஞ்சல் இல்லை. அவள் அண்ணனை நிமிர்ந்து பார்த்தாள்.

"எனக்கு ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருக்கேன். நல்லா இருந்தா கேக்கக்கூடாதா?"

சரி, முதலில் வீட்டுக்கு வா, ரேணுவைப் பார்த்தும் நாளாயிற்று, குளித்துச் சாப்பிட்டுவிட்டுப் பேசுவோம் என்றான். உலகு லேசாகச் சிரித்தாள். வீட்டுக்கு வந்தால் நீங்கள் பேசிப் பேசியே என்னைச் சம்மதிக்க வைத்துவிடுவீர்கள், நான் இப்படியே போகிறேன், சாயங்காலம் வண்டி இருக்கிறது என்றாள். பகல் முழுக்க என்ன செய்வாய் என்று கேட்டதற்குச் சும்மா சுத்துவேன் என்றாள். கோபம் மறுபடி அவன் தொண்டைக்கு ஏறியது. நான் முடியாதுன்னு சொன்னா, என்றான், தணிந்த குரலில், அம்மாவுக்குக் கேட்காமல். உலகு தோள்பையின் வாரை இறுக்கிப் பிடித்தாள்.

"சொல்லுங்க," என்றாள். மோவாய் நடுங்கியது. "மெதுவாச் சொல்லாதீங்க. அம்மாவ நடுவுல வச்சுக்கிட்டுச் சத்தமாச் சொல்லுங்க. நான் கூட்டிட்டுப் போயிருதேன். அப்புறம் நான் உங்ககிட்ட எதுவும் கேக்க மாட்டேன், போன்கூடப் பண்ண மாட்டேன்."

அவள் பயந்துகொண்டிருக்கிறாள் என்று அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. ராத்திரி பூராவும் அவன் ஒருவன்தான் பயந்துகொண்டிருப்பதாக நினைத்திருந்தான். அவள் தூங்கியே இருக்க மாட்டாள், ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இறங்கித் திரும்பிவிடலாமா என்று கதவைப் பார்த்திருப்பாள். இருக்கிற ஒரே அண்ணனைச் சீட்டில் பணயமாக எழுதி வைத்துவிட்டு வந்து நிற்கிறாள், போனால் போகட்டும் என்று இல்லை, போய்விடுமோ என்ற பயத்தோடு. அம்மா இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவனுக்குச் சொல்ல வேண்டியது நாக்கு நுனியில் இருந்தது, ஒரே ஒரு வார்த்தை, அப்பா விட்டுப்போன வார்த்தை. பாப்போம். அதைச் சொன்னால்கூட அவள் நம்பாமலே தலையாட்டுவாள். அவன் சொல்லவில்லை. அம்மாவின் பையை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டான். அதைப் பார்த்துவிட்டு உலகு மூச்சு விட்டாள். குனிந்து அம்மாவின் சேலை முந்தானையைச் சரிசெய்தாள். போய்ட்டு வாரேம்மா என்றாள். அம்மா அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "நல்லா இருங்கம்மா. ராத்திரி பூரா எனக்கு வழித்துணையா வந்திய. எம்மவனுக்குத் தெரிஞ்சா உங்கள வெறுங்கையோட அனுப்ப மாட்டான்." உலகு சரிம்மா என்றாள். இதைத் தினமும் கேட்கிறவள் மாதிரிதான் சொன்னாள். திரும்பிப் பார்க்காமல் மேம்பாலப் படிக்கட்டைப் பார்த்து நடந்தாள்.

எம்மவன் கூட்டிட்டுப் போக வருவான் தம்பி, மெட்ராஸ்ல பெரிய வாத்தியாரு, என்று அம்மா அவனிடம் சொன்னாள். நான்தாம்மா அது என்றான். அவள் நல்ல பிள்ளையாகச் சிரித்துவைத்தாள். பிறகு சிரிப்பு நின்றது. கண்கள் அலைந்தன. விரல்கள் மடியில் சேலையைக் கசக்கின. கேட்க வேண்டும் என்று சொன்னாளே, அடிக்கடி கேட்க வேண்டும் என்று, இவ்வளவு நேரமாக நான் கேட்கவே இல்லையே. ஒண்ணுக்குப் போகணுமாம்மா என்று கேட்டான். அம்மா பெஞ்சைவிட்டு எழ முயன்றுகொண்டே ஆமா என்றாள், சின்னப் பிள்ளையின் அவசரத்தோடு. அவன் நிமிர்ந்து பார்த்தான். உலகு படிக்கட்டில் பாதி ஏறியிருந்தாள், கைப்பிடியைப் பிடித்து நிதானமாக ஏறிக்கொண்டிருந்தாள், அவள் முதுகு நன்றாகத் தெரிந்தது. ஒரு சத்தம் போதும். கூப்பிட்டால் வருவாள். அதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. எத்தனை படி ஏறியிருந்தாலும், எந்த வண்டியில் உட்கார்ந்திருந்தாலும், அம்மாவுக்கு என்றால் இறங்கி ஓடி வருவாள், வந்து இதைப் பார்த்துவிட்டு, அப்புறம் அதையும், அப்புறம் சாயங்கால வண்டிக்கு இரண்டு டிக்கெட். வாய் திறந்துவிட்டது. அவள் பேரின் முதல் எழுத்துக்கு உதடு குவிந்துவிட்டது. அப்படியே நின்றான். யாரோ ஒரு பெரிய பெட்டிக்காரர் நடுவில் வந்தார். அவர் விலகியபோது படிக்கட்டில் அவள் இல்லை.

அம்மாவின் தோளை அணைத்து நடத்தினான். நடைமேடைக் கோடியில் பெண்கள் ஓய்வறை. வாசலில் தரை துடைத்துக்கொண்டிருந்த பெண் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அம்மா என்றான். வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை. உள்ளே ஆள் இல்லை என்று சொல்லி வாளியை நகர்த்திவிட்டு, முதுகைக் காட்டி வாசலை அடைத்து நின்றுகொண்டாள். அதற்குள் காலடியில் ஈரம். அம்மா சேலையைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். முகம் அவமானத்தில் சுருங்கியது. ஒண்ணுமில்லம்மா, ஒண்ணுமில்லம்மா என்றான். பையைத் திறந்தான். பாவாடை, ரவிக்கை, சேலை, ஒரு துண்டு என்று ஒரு தடவைக்கான மாற்றுத் துணி ஒவ்வொரு கட்டாகக் கட்டியிருந்தது. ஒரு கட்டை அவிழ்த்தான். குழாயில் துண்டை நனைத்து, குனிந்து, கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல் காலைத் துடைத்தான். கணுக்கால் வரைக்கும் துடைத்தவனுக்கு அதற்கு மேல் கை போகவில்லை. அம்மா துண்டைப் பிடுங்கிக்கொண்டாள்.

"ஆம்பள இங்க நிக்கக்கூடாது."

"நான்தாம்மா, நாதன்."

"நாதன் வருவான். நீ திரும்பி நில்லு."

திரும்பி நின்றான். எதிரே சுவர். பின்னால் ஈரத்துணி விழுகிற சத்தம், பாவாடை நாடா இறுகுகிற சத்தம். எல்லாம் மறந்தவளுக்கு அந்தக் கைப்பழக்கம் மட்டும் மறக்கவில்லை. சேலையைக் கொடு என்றாள். ஒரு நுனியைப் பின்பக்கமாக நீட்டினான், மிச்சம் ஈரத்தரையில் படாமலிருக்க இரண்டு கையாலும் சுருட்டி நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். வெளியே ஏதோ வண்டி புறப்பட்டு, சுவர் மெல்ல அதிர்ந்தது. அம்மா ஒரு சுற்றுச் சுற்றினாள். சேலை அவன் கையிலிருந்து நழுவி இழுபட்டது. முதலில் என்ன என்று புரியாமல் இறுக்கிப் பிடித்தான், அவள் விடு என்றாள். பிறகு அவள் இழுக்க இழுக்க, கொஞ்சம் கொஞ்சமாக, திரும்பிப் பார்க்காமல், அவன் விட்டுக்கொடுத்துக்கொண்டே நின்றான்.